போட்டோபில்ஸ்: நம்ம ஊர் வெயிலுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

படப்பிடிப்புக்குத் திட்டம் போடும் செயலிகளில் போட்டோபில்ஸ் பழைய கை. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஓடும். ஒரு தடவை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. சூரியனும் நிலாவும் எந்த நாளில், எந்த நிமிடத்தில், எந்தத் திசையில், எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கும் என்பதை வரைபடத்தின் மேல் கோடு போட்டுக் காட்டுவதுதான் இதன் முதல் வேலை. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ கேமரா தூக்குகிறவர் இதை வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் பெரும்பாலோர் எதை நம்பி வாங்குகிறார்களோ, அந்தப் பகுதிக்கு இங்கே மதிப்பு குறைவு.

அது 'கோல்டன் ஹவர்' எனப்படும் பொன்வெயில் நேர அட்டவணை. சூரியன் 6 டிகிரி உயரத்திலிருந்து தொடுவானத்துக்குக் கீழே 4 டிகிரி வரை இறங்கும் நேரத்தைச் செயலி அப்படிக் கணக்கிடுகிறது. தொடுவானத்துக்குக் கீழே 4 டிகிரியிலிருந்து 6 டிகிரி வரை, வானம் நீலமாக இருக்கும் நேரம், 'புளூ ஹவர்'. லண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் சாய்வாக இறங்குவதால், அந்தப் பொன்வெயில் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி நீளும். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்குகிறது, மணிக்கு 15 டிகிரி வேகத்தில். ஆக, முதலாவது 40 நிமிடம் சொச்சம். இரண்டாவது வெறும் 8, 9 நிமிடம். முக்காலியை விரித்து, ஃபில்டரைத் துடைத்து முடிப்பதற்குள் நீலம் போய்விடும். யூடியூபில் சொல்லித்தருகிற வெளிநாட்டுக்காரர்கள் 'சாவகாசமாக நாலைந்து இடம் மாற்றி எடுங்கள்' என்பதை இங்கே கடைப்பிடித்தால் கையில் ஒரு படமும் மிஞ்சாது. ஒரு சாயங்காலத்துக்கு ஒரே இடம், ஒரே சட்டகம். அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

ஜார்ஜ்டவுனில் அந்த 40 நிமிடமும் முழுசாகக் கிடைக்காது. செயலி சொல்லும் மறைவு நேரம் தடங்கல் இல்லாத தொடுவானத்துக்கானது. நகரத்துக்கு மேற்கே பினாங்கு மலை 700 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்து பார்த்தால் அது வானத்தில் 5 டிகிரியை அடைத்துக்கொள்ளும். அதாவது அட்டவணையில் இருப்பதற்குச் சுமார் 20 நிமிடம் முன்பே வெயில் போய்விடுகிறது. இதைச் செயலியிலேயே சரிபார்க்கலாம். நிற்கும் இடத்தில் சிவப்பு ஊசி, மலைமேல் கறுப்பு ஊசி. இரண்டுக்கும் இடையிலான தூரத்தையும் ஏற்றக் கோணத்தையும் அது சொல்லிவிடும். செவ் ஜெட்டி முதலான படகுத்துறைக் குடியிருப்புகள் கிழக்கே பட்டர்வொர்த்தைப் பார்த்து இருப்பதால், அங்கே காலைதான் சரி. நேரடி வெயிலுக்காகச் சாயங்காலம் அங்கே போய் நிற்பது வீண்.

அட்டவணையைவிடப் பத்து மடங்கு உபயோகமானது, திரையின் அடியில் இருக்கும் நேரப் பட்டை. விரலால் அதை நகர்த்த நகர்த்த, மெல்லிய மஞ்சள் கோடு வரைபடத்தில் சுழலும். மேலே டிகிரியும் நிழல் விகிதமும் மாறும். நம் ஊர்ச் சூரியனைப் பற்றிய தப்பெண்ணங்கள் பல இந்தப் பட்டையை ஒருமுறை இழுத்தாலே தெளிந்துவிடும். உச்சிப்பொழுது 12 மணி என்பது அதில் முதலாவது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி முன்னே தள்ளப்பட்டது. அதனால் கோலாலம்பூரில் உச்சி 1.13ஐ ஒட்டியும், பினாங்கில் 1.19ஐ ஒட்டியும் வருகிறது. மாதத்தைப் பொறுத்துக் கால் மணி முன்பின் ஆகும். மார்ச் கடைசியில் 11.15 முதல் 3.15 வரை சூரியன் 60 டிகிரிக்கு மேலேயே இருக்கும். கண்குழியில் கறுப்பு, மூக்குக்கு அடியில் கறுப்பு. டிசம்பரில் கதை வேறு: கோலாலம்பூரில் உச்சியிலேயே 63 டிகிரிதான், 60க்கு மேலே நிற்பது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. மழை மட்டும் விட்டால், ஆள் படம் எடுக்க வருடத்தில் தோதான மாதம் அது.

நிழலில்லா நாளையும் குறித்துக்கொள்ளலாம். கோலாலம்பூரில் மார்ச் 28, செப்டம்பர் 14 வாக்கிலும், பினாங்கில் ஏப்ரல் 3, செப்டம்பர் 9 வாக்கிலும் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். தரையில் நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. கட்டடப் படத்துக்கு அது ஆகாது. குடையும் சைக்கிள் சக்கரமும் மேலிருந்து பார்க்கிற சட்டகத்துக்கு அதுவே விசேஷம்.

இனி, பெரிய புகைப்படக்காரர்களின் படங்களைப் படிப்பதற்கு இது எப்படி உதவும் என்று பார்க்கலாம். செயலியின் விளம்பரம் இதை அழுத்திச் சொல்வதில்லை. எங்கள் கணக்கில் இதற்காகவே காசு கொடுக்கலாம். ஒரு படத்தை எடுத்து வைத்து, அதில் நிமிர்ந்து நிற்கும் ஒரு ஆளின் உயரத்தையும் தரையில் விழும் நிழலின் நீளத்தையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் சமம் என்றால் சூரியன் 45 டிகிரி. நிழல் இரண்டு மடங்கு என்றால் ஏறக்குறைய 27. பாதிக்குக் கொஞ்சம் மேல் என்றால் 60. கேமராவின் சாய்வால் நீளம் குறுகித் தெரியும் என்பதால் கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும். கிடைத்த கோணத்தை நமக்கு வேண்டிய தெருவில், வேண்டிய மாதத்தில் நேரப் பட்டையை இழுத்துத் தேடினால் மணி கிடைத்துவிடும். 'இந்த மாதிரி வெளிச்சம் வேண்டும்' என்கிற ஆசை, '4.40க்கு அந்த மூலையில் நிற்க வேண்டும்' என்று மாறுவது இப்படித்தான்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் அலெக்ஸ் வெப்பின் வண்ணப் படங்களை இதற்கு முதல் பாடமாக வைக்கலாம். வெப்ப மண்டலத்து வெயிலும் கறுத்த நிழலும் அவருடைய மூலப்பொருள். வருடக்கணக்கில் கோடாக்குரோம் ஸ்லைடு ஃபிலிமில் எடுத்தவர். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் அந்த ஃபிலிமில் பிரகாசமான பகுதி வெளுத்துவிடும். அதனால் அளவை வெயிலுக்கு வைத்து, நிழலை மையாகக் கறுக்க விட வேண்டியிருந்தது. இன்றைய கேமராவில் அதைக் கொண்டுவர, வெயில் படும் சுவரைப் பார்த்து அளந்துகொண்டு, அந்த அளவிலேயே எடுத்தால் போதும். பிறகு கணினியில் நிழலைத் தூக்கிவிடக் கூடாது. தூக்கினால் எல்லாம் சாம்பல் பூசிய மாதிரி ஆகி, எடுத்த காரணமே போய்விடும்.

அந்த வெளிச்சத்துக்குப் பினாங்கு லிட்டில் இந்தியாவைவிடத் தோதான இடம் குறைவு. காரணம், அஞ்சடி. கடைக்கு முன்னால் தூண்களுக்கும் சுவருக்கும் நடுவில் ஓடும் அந்த நடைபாதைக்குள் வெயில் எப்போது நுழையும் என்பதை நேரடியாகக் கணக்கிடலாம். கூரை விளிம்பு 3 மீட்டர் உயரம், நடைபாதை 2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மேற்குப் பார்த்த கடை. சூரியன் 56 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை வெயில் பின்சுவரைத் தொடாது. 45 டிகிரிக்கு இறங்கும்போது சுவரில் ஒரு மீட்டர் உயரம் ஏறியிருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து மல்லிகைச் சரம் கட்டுகிறவரின் முகம் இருக்கும் உயரம் அது. நிற்பவர் முகத்துக்கு 35 டிகிரி ஆக வேண்டும். மார்ச் கடைசியில் 45 டிகிரி சாயங்காலம் 4.25 வாக்கில் வருகிறது. ஆனால் எதிர்ச்சாரிக் கடையும் இருக்கிறதே. தெரு 8 மீட்டர் அகலம், எதிர்க் கட்டடம் 9 மீட்டர் உயரம் என்றால், சூரியன் 39 டிகிரிக்கு இறங்கியதுமே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் எதிர்க்கூரையின் நிழல் விழுந்துவிடும். அது 4.50. ஆக, கையில் இருப்பது 25 நிமிடம். நிற்பவர் முகத்துக்கு அந்தத் தெருவில் வெயிலே கிடைக்காது. காத்திருந்து காலை மாற்றி மாற்றி நிற்பதைவிட இதைத் தெரிந்துகொண்டு போவது மேல்.

செயலி கட்டடங்களின் உயரத்தை அறியாது என்பதால் இந்தக் கணக்கை நாமேதான் போட வேண்டும். அதில் கிடைப்பது திசையும் கோணமும் மட்டும். தெருவின் அகலத்தைக் காலடியால் அளந்துகொள்ளலாம். இன்னொன்று, எந்தச் சாரிக்கு எப்போது வெயில் என்பது தெருவின் போக்கைப் பொறுத்தது. வடக்கு தெற்காகப் போகும் குயின் ஸ்திரீட் பக்கம், காலையில் ஒரு சாரி, மாலையில் மறு சாரி என்று வருடம் முழுக்க மாறி மாறி வரும். கிழக்கு மேற்காகப் போகும் மார்க்கெட் ஸ்திரீட் பக்கம், டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்வதால் வடக்குச் சாரிக் கடைகளின் முகப்பில் வெயில் விழும். ஜூனில் அது தெற்குச் சாரிக்கு மாறிவிடும். ஒரு மாதத்தில் எடுத்த படத்தை ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் எடுக்க முடியாமல் போவது இதனால்தான்.

எல்லா வெளிச்சத்தையும் இப்படிக் கணக்குப் போட்டுப் பிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் ஹாங்காங் புகைப்படக்காரர் ஃபான் ஹோவை ஒருமுறை பார்க்க வேண்டும். வெள்ளைச் சுவரின் ஓரத்தில் ஒரு பெண் தலைகுனிந்து நிற்க, சுவரைக் குறுக்காக வெட்டும் முக்கோண நிழல் அவரை நெருங்கும் 1954ஆம் ஆண்டுப் படம். அந்த நிழலை அவர் இருட்டறையில் அச்சிடும்போது சேர்த்தார். எந்த நாளில், எந்த மணிக்குப் போய் நின்றாலும் அந்த நிழல் அங்கே விழுந்திருக்காது. படத்தைப் படிக்கும்போது வெளிச்சத்தின் திசை ஒரு பக்கமும் நிழலின் திசை மறுபக்கமும் போனால், அது சூரியனின் வேலையாக இருக்காது என்று சந்தேகப்பட வேண்டும். செயலியின் கோடு அந்தச் சந்தேகத்தைக் கிளப்ப உதவும், அவ்வளவுதான்.

மறுகோடியில் அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ். நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர்மேல் நிலா எழும் அவருடைய படத்துக்கு அவரே தேதி குறித்து வைக்கவில்லை. பல வருடங்கள் பல தேதிகளில் அது அச்சானது. கடைசியில் நிலாவின் இடத்தை வைத்து வானியல்காரர்கள் கணக்கிட்டார்கள். முதலில் 1941 அக்டோபர் 31 என்று வந்தது. 1991இல் வானியல் இதழாளர் டென்னிஸ் டி சிக்கோ அதைத் திருத்தி, 1941 நவம்பர் 1 மாலை 4 மணி 49 நிமிடம் 20 விநாடி என்றார். போட்டோபில்ஸ் செய்வது இதே கணக்கைத்தான், பின்னோக்கி அன்றி முன்னோக்கி. அந்தப் படத்தில் எக்ஸ்போஷர், அதாவது ஒளியளவு பற்றிய பாடமும் உண்டு. லைட் மீட்டர் அகப்படாத அவசரத்தில், நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவிருந்ததால், அதை வைத்தே எஃப்/32இல் ஒரு விநாடி என்று முடிவு செய்தார். இரண்டாவது தகடு எடுப்பதற்குள் படத்தில் உள்ள கல்லறைச் சிலுவைகள் மீதிருந்த வெயில் போய்விட்டது. நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. மேலே ஏறிய முழு நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/100 விநாடி என்று தொடங்கலாம். நம் ஊரில் தொடுவானத்தை ஒட்டி இருக்கும்போது ஈரக்காற்றும் புகையும் இரண்டு மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி).

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கு நடுவே நிலா என்பது கோலாலம்பூரில் எல்லோருக்கும் உள்ள ஆசை, எனவே அதன் கணக்கை விவரமாகச் சொல்லலாம். நிலாவின் விட்டம் வானத்தில் அரை டிகிரி. ஒரு பொருள் அதே அகலத்தில் தெரிய, நாம் அந்தப் பொருளின் அகலத்தைப்போல் 115 மடங்கு தள்ளி நிற்க வேண்டும். இரு கோபுரங்களையும் இணைக்கும் வான்பாலம் 58 மீட்டர் நீளம். நிலா அந்த இடைவெளியை நிறைக்க வேண்டுமானால் சுமார் 6.7 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். பாலம் தரையிலிருந்து 170 மீட்டர் உயரம் என்பதால், அத்தனை தூரத்திலிருந்து அதன் கோணம் ஒன்றரை டிகிரிதான். அந்த உயரத்தில் நிலா மங்கிய ஆரஞ்சுக் கறையாகத்தான் தெரியும், பல நாள் தெரியவும் தெரியாது. 3 கிலோமீட்டர் நடைமுறைக்கு ஏற்றது: பாலத்தின் கோணம் 3.2 டிகிரி, நிலா 26 மீட்டர் அகலத்தில், இடைவெளியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக உட்காரும். 400 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் நல்லது.

வரைபடத்தில் கறுப்பு ஊசியைப் பாலத்தின்மேல் வைத்து, உயரத்தில் 170 மீட்டரைச் சேர்க்க மறந்துவிடக் கூடாது. வரைபடம் தானாக எடுப்பது தரையின் உயரத்தை மட்டும். பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். பிறகு தேடல் பகுதியில் நிலா, திசை, ஏற்றம், தேதி வரம்பு கொடுத்தால் பொருந்தும் நாட்களை வரிசையாகக் காட்டும். முழு நிலா நாளை முதலில் பார்க்க வேண்டும். அன்று நிலா எழுவது சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி. 3.2 டிகிரி ஏற 13 நிமிடம் ஆகும். கோபுர விளக்கும் வானத்தின் நீலமும் நிலாவும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்குவது அப்போதுதான். முந்தைய நாள் நிலா சுமார் 50 நிமிடம் முன்னதாகவே எழுந்து, வெளுத்த வானத்தில் வெளிறிக் கிடக்கும். அடுத்த நாள் வானம் கறுத்துவிடும். நிலா தன் விட்டத்தைக் கடக்க எடுப்பது இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் இடைவெளி தவறினால், பக்கவாட்டில் 26 மீட்டர் ஓடினால் ஒரு நிலா அகலம் நகரும். ஆகவே இருபுறமும் ஓட இடம் உள்ள பொட்டலைத் தேர்வது நல்லது. அபார்ட்மெண்ட் மாடியில் நின்றால் அந்த வசதி இல்லை.

தைப்பூசத்துக்கும் இதே கருவி பயன்படும். பூசம் முழு நிலாவை ஒட்டி வருவதால் ரத ஊர்வல இரவில் நிலா கட்டாயம் உண்டு, மேகம் விட்டால். பத்துமலைப் படிக்கட்டு ஏறக்குறைய தெற்கு நோக்கியது. ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் தெற்கே இருப்பதால் 42.7 மீட்டர் முருகன் சிலைமீதும் படிகளிலும் வெயில் முன்பக்கமாக விழும். காலை ஒன்பதேகால் மணியை ஒட்டி 25 டிகிரி உயரத்தில் சூரியன், சிலையைப் பார்த்து நிற்பவருக்கு வலப்புறம். காவடியின் வளைவுகள் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும். ஜூனில் போனால் உச்சியில் சூரியன் வடக்கே, சிலைக்குப் பின்னால். பினாங்கில் வெள்ளிரதம் பூசத்துக்கு முந்தைய நாள் விடிகாலையில் கிளம்பித் தண்ணீர்மலைப் பக்கம் மேற்கே நகர்கிறது. ரதத்துக்கு முன்னால் நடந்தபடி திரும்பிப் பார்த்து எடுப்பவர்களுக்குச் சூரியன் எதிரே. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். தேங்காய் உடைக்கும்போது தெறிக்கும் நீர் எதிர்வெயிலில்தான் துளித்துளியாக மின்னும். ஷட்டரை 1/1000 விநாடி அல்லது அதைவிட வேகமாக வைத்து, அளவை வானத்துக்கு எடுத்துக்கொண்டால் போதும். கூட்டத்துக்குள் முக்காலி வேண்டாம். உடைத்த ஓட்டின்மேல் கால் வைக்காமல் இருப்பது இன்னும் முக்கியம்.

  

குறைகளுக்கு வருவோம். திரை நெரிசல். முதல் நாள் திறப்பவருக்கு எந்த ஐகான் எதற்கு என்று புரிய நேரம் பிடிக்கும். தமிழ் இல்லை. கேமரா வழியாக வானத்தில் சூரியப் பாதையைக் காட்டும் ஏஆர் பகுதி, கைப்பேசியின் காந்தத் திசைகாட்டியை நம்பியது. தகரக் கூரை, எல்ஆர்டி ரயில் தூண், இரும்புக் கைப்பிடி, காந்தம் வைத்த உறை எது பக்கத்தில் இருந்தாலும் கோடு பத்துப் பதினைந்து டிகிரி பிசகும். சூரியன் கண்ணுக்குத் தெரியும்போது, திரையில் வரும் சூரியனை அதன்மேல் இழுத்து வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். இல்லாவிட்டால் ஏஆரை விட்டுவிட்டு வரைபடக் கோட்டையே நம்ப வேண்டும். வரைபடத்துக்கு இணையம் தேவை. பத்து லட்சம் பேர் கூடும் பூசத்தன்று அலைபேசிக் கோபுரம் திணறும் என்பதால், திட்டத்தை வீட்டிலேயே சேமித்து ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம். பால்வீதிப் பகுதி அருமையாகச் செய்யப்பட்டது. கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் விளக்கு வெளிச்சத்தில் அதற்கு வேலை இல்லை.

மேகம், இடி மழை, புகைமூட்டம் எதுவும் செயலிக்குத் தெரியாது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரின் பிற்பகல் பெரும்பாலும் மழைக்குச் சொந்தம். அந்த மாதங்களில் காலைக் கோணங்களை மட்டும் தேடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை புகைமூட்டம் வந்தால், தாழ்வான நிலாத் திட்டத்தைத் தள்ளிப் போட வேண்டியதுதான். கிளம்புமுன் வானிலைத் துறையின் ரேடார் படத்தையும் காற்றுத் தரக் குறியீட்டையும் தனியே பார்க்க வேண்டும்.

கல்யாணம், வளைகாப்பு மட்டும் எடுக்கிறவருக்கு இது தேவையா என்று கேட்டால், வேண்டாம். சன்கால்க் இணையதளம் இலவசமாகவே சூரியனின் திசை, ஏற்றம், நிழல் நீளம் மூன்றையும் காட்டும். வெளிப்புற ஜோடிப் படத்துக்கு அது போதும். நிலாத் தேடலும், இரண்டு ஊசிக் கணக்கும், திட்டங்களைச் சேமிக்கும் வசதியும் வேண்டுமென்றால் போட்டோபில்ஸுக்குக் காசு கொடுக்கலாம். வாங்கிய முதல் வாரத்தில் படம் எடுக்கப் போக வேண்டாம். வீட்டு வாசலில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, அதன் நிழலை மணிக்கு ஒருமுறை அளந்து, திரையில் வரும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, ஊசி சரியான இடத்தில் இருக்கிறதா, தேதி சரியா என்பதை.